காட்டு முயல் நோயாய்க் கிடந்தால்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாய்க் குடிவந்தவர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஊரைத் தாண்டி மனை வாங்கிக் குடிவருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பாகூரோ, திருக்கனூரோ, காடாம்புலியூரோ, குறிஞ்சிப்பாடியோ, எங்கே வீடு கட்டினாலும் சுற்றிலும் மல்லாட்டைக் (நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பெயர்) கொல்லை, கரும்பு, சவுக்கு, முந்திரிக் காடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதில் காட்டு முயலும் இருக்கும். இரவில் மேய்கிற பிராணி என்பதால் வருடக்கணக்கில் கண்ணில் படாமலே இருந்துவிடும். பிறகு ஒரு நாள் காலையில் வேலியோரம் ஒன்று சுருண்டு கிடக்கும். கிட்டப் போனாலும் ஓடாது. பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ஒருவர் பால் கொண்டு வருவார், இன்னொருவர் கேரட் கொண்டு வருவார், எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வையுங்கள். காட்டு முயலுக்கு மனிதக் கை பட்டாலே உயிர்ப்பயம். துரத்திப் பிடித்து, ஆள் மாற்றி ஆள் தூக்கி, போட்டோ எடுத்து, வாயைத் திறந்து பால் ஊற்றினால், பெரிய காயம் இல்லாத முயல்கூட அன்றைக்கு ராத்திரியே செத்துப்போகலாம். அதற்கு நம்மால் கொடுக்க முடிந்த முதல் மருந்து அமைதி. இரண்டாவது இருட்டு. மற்றதெல்லாம் மருத்துவர் வேலை.

காட்டு முயல்தானா?

வெள்ளையாகவோ, கறுப்பும் வெள்ளையும் கலந்தோ, கண் சிவந்தோ இருந்தால் அது யாரோ வளர்த்து விட்ட முயல். கூண்டிலிருந்து தப்பியிருக்கும், அல்லது வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போகலாம்; வனத்துறையைத் தேட வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் காட்டு முயல் செம்பழுப்பு நிறம், நடுநடுவே கறுப்பு மயிர் தெறித்திருக்கும். வயிறு வெள்ளை. காதும் பின்னங்காலும் நீளம். பிடரியில், இரண்டு காதுக்கும் பின்னால், ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். வாலின் மேல்புறமும் கறுப்பு. இதற்கு வளை தோண்டும் பழக்கம் கிடையாது. புல்லுக்குள்ளோ புதர் அடியிலோ உடம்பு அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் பறித்து அதில் பகல் முழுக்கப் படுத்திருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏனென்றால் அப்படிப் படுத்திருக்கும் முயல், ஆள் வந்தால் உடனே ஓடாது. காதை முதுகோடு ஒட்டி, உடம்பைத் தரையோடு அழுத்தி, மூச்சு மட்டும் ஓட, அப்படியே இருக்கும். நீங்கள் ஏறக்குறைய மிதிக்கப் போகிற நொடியில்தான் சீறிப் பாயும். ஆக, பகலில் அசையாமல் உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டாதீர்கள். கண் தெளிவாக இருக்கிறது, மயிர் ஒழுங்காகப் படிந்திருக்கிறது, காதை உங்கள் பக்கம் திருப்புகிறது என்றால் அது நன்றாகத்தான் இருக்கிறது. பின்வாங்கி வந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

குட்டி தனியாகக் கிடந்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல மனசோடு எடுத்துப்போய், தாய் இருக்கும் குட்டியை அனாதையாக்குவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

வளர்ப்பு முயல் குட்டி மயிர் இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஓர் ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டி, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். தாய் குட்டிகளோடு கூடவே படுத்திருக்காது. அது பக்கத்தில் இருந்தால் அதன் வாசனையைப் பிடித்து நாயும் நரியும் வந்துவிடும். அதனால் எட்டத்தில் போய் இருந்துகொண்டு, பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பகல் முழுக்கக் குட்டி தனியாகக் கிடப்பதுதான் அதன் இயல்பான வாழ்க்கை.

மல்லாட்டை பிடுங்கும்போதும், கரும்பு வெட்டும்போதும், முந்திரி விழும் பருவத்துக்கு முன்னால் மரத்தடியில் சருகு கூட்டும்போதும் குட்டிகள் வெளிப்பட்டுவிடும். கொல்லையில் வேலை செய்யும் பெண்கள்தான் பெரும்பாலும் முதலில் பார்ப்பார்கள். "தாயி உட்டுட்டுப் போயிடுச்சு போல, எடுத்துட்டுப் போய் வளத்துக்கோ தம்பி" என்று முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்த பெரியம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "உட்டுட்டுப் போவல பெரியம்மா, பொழுது சாஞ்சா வரும். எந்த எடத்துல எடுத்தீங்களோ அந்த எடத்துக்குப் பக்கத்துலயே வெச்சிடலாம்." அந்தப் பாத்தியில் அன்றைக்கு வேலை முடிந்திருக்கவில்லை. அதனால் சில அடி தள்ளி, வரப்போரப் புல் மறைவில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் யாரும் போகாதபடி ஒரு குச்சியில் துணி கட்டி நட்டோம். மறுநாள் காலையில் குட்டி அங்கே இல்லை. ரத்தமோ மயிரோ சிதறிக் கிடக்கவும் இல்லை.

மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வார்கள். அதற்காகப் பயந்து குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கையுறை போட்டோ, கையில் புல்லைக் கசக்கித் தேய்த்துக்கொண்டோ எடுத்து, கிடைத்த இடத்துக்கு மிக அருகில் நிழலான மறைவில் வையுங்கள். பல குட்டி இருந்தால் ஒன்றாகவே வையுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கப் போகாதீர்கள். வெளிச்சம் தெரிந்தால் தாய் கிட்ட வராது.

சரி, குட்டிக்கு எப்போது உதவி தேவை? உடம்பில் காயம் இருந்தால், எறும்பு மொய்த்தால், ஈ முட்டை வைத்திருந்தால், தொட்டுப் பார்க்கும்போது சில்லென்று துவண்டு கிடந்தால், பக்கத்திலேயே தாய் செத்துக் கிடந்தால், பூனையோ நாயோ வாயில் கவ்விக்கொண்டு வந்திருந்தால். பூனை கவ்விய குட்டியின் உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். பூனைப் பல் ஊசித் துளை அளவுதான் போடும்; உள்ளே போகும் கிருமி ஒன்றிரண்டு நாளில் குட்டியை முடித்துவிடும்.

நிஜமாகவே நோய் என்று எப்படித் தெரியும்

வளர்ந்த முயல் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் கிட்டப் போயும் ஓட முயலவில்லை அல்லது முயன்றும் முடியவில்லை. பின்னங்கால் இழுபடுகிறது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, போட்ட வட்டத்தையே போடுகிறது. மூக்கில் சளியோ நுரையோ வருகிறது. வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. பின்பக்கம் கழிச்சலில் நனைந்து ஈ மொய்க்கிறது. காதோரத்திலும் மூக்கிலும் சொறி பிடித்துப் பொருக்கு தட்டியிருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் உதவி வேண்டும்.

எச்சில் ஒழுக, உடம்பு நடுங்க, கண்ணின் பாவை குறுகிப் போயிருந்தால் பூச்சிமருந்தாக இருக்கலாம். பக்கத்து வயலில் நேற்றோ இன்றோ மருந்து அடித்தார்களா, என்ன மருந்து என்று கேட்டு, டப்பா கிடந்தால் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு அந்த ஒரு படம் பெரிய உதவி. இந்த மருந்துகளில் பல, தோல் வழியாகவே நம் உடம்புக்குள்ளும் இறங்கும். அப்படிப்பட்ட முயலை ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பன்றிக்காகக் கொல்லையைச் சுற்றித் திருட்டுத்தனமாக மின்கம்பி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பிக்குப் பக்கத்தில் முயல் விழுந்து கிடந்தால் அந்த இடத்துக்கே போகாதீர்கள், குறிப்பாகத் தரை ஈரமாக இருந்தால். முதலில் மின்சாரத் துறையைக் கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இந்தக் கம்பிகளில் மனித உயிர்களே போயிருக்கின்றன.

யாரைக் கூப்பிடுவது

முயலைத் தொடுவதற்கு முன்னால் போனை எடுங்கள். கொஞ்சம் எட்டி நின்று அரை நிமிட வீடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் இடத்தைப் பகிரத் தயாராக வையுங்கள். கால் எப்படி இழுபடுகிறது, மூச்சு எப்படி வாங்குகிறது என்பதை நாம் வாயால் விவரிப்பதைவிட அந்த வீடியோ நன்றாகச் சொல்லும்.

காட்டு முயல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் வருகிற உயிரினம். பிடிப்பது, வளர்ப்பது, விற்பது, கறி சமைப்பது எல்லாமே குற்றம். உயிரோடு கிடைத்தாலும் செத்துக் கிடைத்தாலும் அது அரசின் சொத்து. உங்கள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ சொல்லிவிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. என் கருத்தில் 48 மணி நேரம் என்பதே முயலுக்கு ரொம்ப அதிகம். பார்த்த அந்த மணி நேரத்திலேயே சொல்லுங்கள்.

கடலூர் மாவட்டம் என்றால் உங்கள் பகுதி வனச்சரக அலுவலகம். புதுச்சேரி என்றால் வனம் மற்றும் வனவிலங்குத் துறை. இங்கே நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. புதுச்சேரியின் கொம்யூன்கள், அதாவது அங்குள்ள உள்ளாட்சிப் பகுதிகள், தமிழ்நாட்டுக் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு வரப்பு தாண்டினால் மாநிலம் மாறிவிடும். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கம் குடிவந்தவர்களுக்கு இது சீக்கிரமே பழகிவிடும். ஆகவே போனில் முதலில் சொல்ல வேண்டியது ஊர் பெயர், அதோடு எந்த மாநிலம் என்பதும். கடலூரில் தெரிந்த மருத்துவர் இருக்கிறார் என்று முயலைக் காரில் வைத்துக்கொண்டு முள்ளோடைச் சோதனைச்சாவடியைத் தாண்டாதீர்கள். காட்டு விலங்கை அனுமதி இல்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவது தனிச் சிக்கல். உங்கள் நோக்கம் நல்லது என்பதை அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் முயல் போய்விடும்.

வனத்துறை எண் கையில் இல்லை என்றால் 112-ஐக் கூப்பிட்டு, வனத்துறைக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1962 கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண். அது ஆடு மாடுகளுக்கானதுதான், இருந்தாலும் அருகில் எந்த மருத்துவர் பணியில் இருக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கே கொண்டுபோவதானாலும் வனத்துறையிடம் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். காட்டு விலங்கு என்றால் மருத்துவரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

பதற்றத்தில் சொல்ல வேண்டியது விட்டுப்போகும். இப்படிச் சொன்னால் போதும்:

"வணக்கம் சார். பாகூர் கொம்யூன், புதுச்சேரி எல்லைக்குள்ளதான். ஏரிக்கரைக்குக் கீழ, கரும்பு வயலோரம். வளர்ந்த காட்டு முயல் ஒண்ணு, ரெண்டு பின்னங்காலையும் இழுக்குது. காலைல ஆறரைக்குப் பார்த்தோம். நாயைக் கட்டிட்டோம், இன்னும் தொடலை. பெட்டியில வைக்கட்டுமா, நீங்க வர்ற வரைக்கும் அப்படியே விடட்டுமா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஆள் அரை மணியில் வந்துவிடுவார் என்றால், நாயையும் காக்கையையும் விரட்டிக்கொண்டு எட்டி நின்று காவல் இருப்பதே நல்லது.

எடுக்கத்தான் வேண்டும் என்றால்

முதலில் பெட்டியைத் தயார் செய்யுங்கள், பிறகு முயலிடம் போங்கள். மளிகைக் கடையில் கேட்டால் கெட்டியான அட்டைப்பெட்டி கிடைக்கும். முயல் உள்ளே நீட்டிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் உள்ளே துள்ளி அடிபட்டுக்கொள்ளும். பக்கவாட்டில் காற்றுத் துளைகளை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். முயல் உள்ளே போன பிறகு அட்டையைக் குத்துகிற சத்தம் அதற்கு இடி. அடியில் பழைய லுங்கியோ சுத்தமான கோணிப்பையோ விரியுங்கள், வழுக்காமல் இருக்கும். கம்பிக் கூண்டு வேண்டவே வேண்டாம். கம்பியில் மோதி மூக்கையும் பல்லையும் உடைத்துக்கொள்ளும், நாலு பக்கமும் ஆள் தெரிவதால் பயமும் அடங்காது.

இரண்டு பேர் போதும். மற்றவர்கள் வீட்டுக்குள் போகட்டும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை. பின்பக்கமாக மெதுவாக வந்து, அகலமான துண்டையோ போர்வையையோ தலை முதல் வால் வரை மூடும்படி போடுங்கள். கண் மறைந்தவுடன் உடம்பு சற்றுத் தளர்வது கைக்கே தெரியும். ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுங்கள், மற்றொரு கையால் பின்பக்கத்தைத் தாங்குங்கள், துண்டோடு சேர்த்து உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் தொங்கக் கூடாது. முயல் காற்றில் உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். அதன் தசைக்கு அவ்வளவு வலு, எலும்பு அவ்வளவு மெல்லிசு. காதைப் பிடித்துத் தூக்குவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். அதைச் செய்யவே கூடாது. பெட்டிக்குள் விடும்போது பின்பக்கம் முதலில் போகட்டும், துண்டை அப்படியே விட்டுவிட்டு மூடியைப் போட்டு மேலே ஒரு கனமான பொருளை வையுங்கள்.

தூக்கும்போது அது கீச்சென்று உரக்கக் கத்தலாம். முதல்முறை கேட்கிறவர்கள் பதறிக் கையை விட்டுவிடுவார்கள். கத்தும் என்று தெரிந்தே தூக்குங்கள்.

ஒருமுறை முயன்று, அது நழுவி ஓடிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். ஓட முடிந்த முயலுக்கு இப்போதைக்கு உங்கள் கை தேவையில்லை. விடாமல் துரத்தினால் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, அதன் நச்சு ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ செத்துவிடும். பிடித்த அன்று நன்றாக இருந்த முயல் மறுநாள் காரணமே தெரியாமல் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பைக் கிளட்ச் ஒயரில் போட்ட சுருக்கில் மாட்டியிருந்தால், முயலை முதலில் மூடிவிட்டு, ஒயரை முளைக்குச்சியின் பக்கத்தில் வெட்டுங்கள். கால் சதைக்குள் இறங்கிய வளையத்தை நீங்கள் பிரிக்க வேண்டாம், மருத்துவர் எடுக்கட்டும். "சுருக்கு போயிடுச்சு, ஓடட்டும்" என்று விட்டுவிட்டால், ரத்த ஓட்டம் இல்லாமல் இருந்த கால் பிறகு அழுகத் தொடங்கும். சுருக்கு இருந்த இடத்தையும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒன்று இருந்தால் அந்த வேலி நெடுக இன்னும் இருக்கும்.

பெட்டிக்குள் போன பிறகு

வீட்டின் அமைதியான, இருட்டான மூலையில் வையுங்கள். மோட்டார் கொட்டகை, மோட்டார் ஓடாத நேரம் என்றால், நல்ல இடம். டிவி சத்தம், மிக்ஸி சத்தம், நாய் வாசனை எதுவும் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து "உயிரோட இருக்கா" என்று பார்க்காதீர்கள். பிள்ளைகள் கெஞ்சுவார்கள். அவர்களிடம் விளக்கமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வாசலில் காவல் இருக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

பசும்பால் கொடுக்காதீர்கள். ஆட்டுப்பாலும் பாக்கெட் பாலும் அப்படித்தான். குட்டிக்கு அது கழிச்சலைக் கொண்டுவரும். சிரிஞ்சிலோ சங்கிலோ தண்ணீர் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். கேரட், முட்டைக்கோஸ், பிஸ்கட், சோறு எதுவும் வேண்டாம். ஆள் வர ரொம்ப நேரமாகும், வளர்ந்த முயல், தெளிவாக இருக்கிறது என்றால் மட்டும், கண்டெடுத்த இடத்திலிருந்தே ஒரு கைப்பிடி அறுகம்புல்லும் தட்டையான சிறு கிண்ணத்தில் தண்ணீரும் வைக்கலாம். தின்றால் தின்னட்டும்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தால் முயலின் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல கிருமிகள் அழிந்து, நஞ்சு பரப்பும் கிருமிகள் பெருகும். அந்தக் கழிச்சலிலிருந்து முயல் பிழைப்பது கஷ்டம். உண்ணி அப்பியிருக்கிறதே என்று நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தை எடுக்காதீர்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து முயலைக் கொன்றுவிடும். காயத்தில் புழு வைத்திருந்தால் மாட்டுக்குச் செய்வதுபோல டர்பன்டைன், பினாயில், கற்பூர எண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. மாட்டின் தோல் வேறு, முயலின் தோல் வேறு. ஒன்றும் ஊற்றாமல் சீக்கிரம் மருத்துவரிடம் சேர்ப்பதுதான் வழி.

அக்னி நட்சத்திர நாட்களில் வெயிலில் மயங்கிக் கிடக்கும் முயலுக்கு மட்டும் நாமே உடனடியாக ஒன்று செய்ய வேண்டியிருக்கும். முயலுக்கு நம்மைப்போல் வேர்க்காது. உடம்புச் சூட்டை அந்த நீளக் காது வழியாகத்தான் வெளியேற்றும். நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதை மெல்ல ஒற்றியெடுங்கள். ஐஸ் வேண்டாம், தலையோடு ஊற்றவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படித் தண்ணீர் சூழும்போது முயல்கள் வரப்பு, ரோட்டு மேடு என்று மேட்டில் ஒதுங்கி, நனைந்து விறைத்து நிற்கும். காயம் இல்லாமல் சுதாரிப்பாக இருந்தால் நாயை மட்டும் விரட்டிவிட்டு அதன் போக்கில் விடுங்கள். தண்ணீர் வடிந்தால் போய்விடும். துவண்டு விழுந்திருந்தால் துண்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும்; சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும்.

கொண்டுபோவது காரில் என்றால் பாட்டு வேண்டாம், ஏசி காற்று நேராகப் பெட்டியில் படவும் வேண்டாம். பைக் என்றால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பெட்டியை மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

செத்துப்போனால்

எல்லாம் சரியாகச் செய்தும் போய்விடலாம். முதுகெலும்பு முறிந்த முயலை மருத்துவரே வலியில்லாமல் தூங்கவைக்கச் சொல்லலாம். அது கொடுமை ஆகாது. வெளியே விட்டால் நாய் வாயில் உயிரோடு கிழிபடும். அந்த முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள்.

செத்த முயலையும், மெதுவாக ஓடுவதால் கையில் சிக்கிய நோய் முயலையும் கறிக்குக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது ஏன் ஓடவில்லை என்பது நமக்குத் தெரியாது. பூச்சிமருந்து தின்ற முயலின் கறி சட்டியில் வெந்தாலும் விஷம்தான். கேட்பவர் உங்கள் பக்கத்துக் கொல்லைக்காரராகவே இருப்பார், நாளைக்கும் முகம் பார்த்துப் பேச வேண்டியவர். "மருந்து தின்னிருக்கும்ண்ணே, பிள்ளைங்க இருக்கிற வீடு, வேணாம்" என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரே பகுதியில் இரண்டு மூன்று முயல் செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைக்கு உடல் வேண்டியிருக்கும். அவசரப்பட்டுப் புதைத்துவிட்டால் காரணம் தெரியாமலே போகும்.

ஒப்படைத்த பிறகு உங்களைக் கவனியுங்கள்

சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள், உடுப்பை மாற்றிக் கொதிநீரில் அலசுங்கள். பெட்டியையும் விரிப்பையும் எரித்துவிடலாம். தரையை பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். வீட்டில் வளர்ப்பு முயல் இருந்தால் குளித்து உடை மாற்றும் வரை அதன் பக்கம் போகாதீர்கள்.

முயலால் வெறிநோய் பரவுவது மிக அரிது. ஆனால் நாய் கடித்த முயலின் மயிரில் நாயின் எச்சில் ஈரமாக இருக்கும். அதைத் தூக்கும்போது கையில் கீறல் பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று இடுக்குகளில் பாருங்கள்: கக்கம், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம், முழங்காலின் பின்பக்கம். நம் பக்கத்தில் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வருவதுண்டு. புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருகிற நோய் அது. முயலைத் தேடிப் புதருக்குள் முட்டிபோட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல வலியில்லாத கறுத்த பொருக்கு தெரிந்தால், சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு நாளைக் கடத்தாதீர்கள். புதரில் இருந்தேன், காட்டு முயலைத் தூக்கினேன் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் இந்தக் காய்ச்சல் சீக்கிரம் இறங்கிவிடும்.